எண்ணப்படாத வம்சாவளி: ஐ.நா. அமைதிப்பணியின் குடிமைப் பணியிடங்களில் சாதி

ஐ.நா. அமைதி காக்கும் பணி என்றவுடன் நீலத் தலைக்கவசம் அணிந்த வீரர்களே நினைவுக்கு வருகின்றனர். ஆனால் ஒவ்வொரு பணித்தளத்திலும் மனித உரிமை, சட்டம், கணக்கு, கொள்முதல், மொழிபெயர்ப்பு எனப் பல துறைகளில் குடிமைப் பணியாளர்கள் உள்ளனர். வீரர்களையும் காவலர்களையும் உறுப்பு நாடுகள் அனுப்புகின்றன. குடிமைப் பணியாளரை ஐ.நா.வே தெரிவு செய்கிறது. எனவே இந்திய அரசமைப்பின் 16(4)ஆம் பிரிவின் அடிப்படையிலான இடஒதுக்கீடு அங்கே செல்லாது.

சாசனம் சொல்வது

ஐ.நா. சாசனத்தின் 101(3)ஆம் பிரிவு திறன், தகுதி, நேர்மை ஆகியவற்றை முதன்மையாக்குகிறது; இயன்றவரை பரந்த புவியியல் அடிப்படையில் ஆட்சேர்ப்பு நடைபெறவும் கோருகிறது. 8ஆம் பிரிவு ஆண், பெண் இருபாலருக்கும் சமவாய்ப்பை உறுதி செய்கிறது. 2017இல் பொதுச்செயலாளர் குத்தேரஸ் பாலினச் சமநிலைக்கான செயல்திட்டத்தை அறிவித்தார். 2028க்குள் எல்லா நிலைகளிலும் சமநிலை என்பது அதன் இலக்கு. இலக்கு இருப்பதால்தான் களப்பணிகள் பின்தங்கியிருப்பதை எவரும் கேள்விக்குள்ளாக்க முடிகிறது.

சாதி எங்கே?

1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே 'வம்சாவளி' என்னும் சொல் உள்ளது. அச்சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று 2002இல் அதன் கண்காணிப்புக் குழு தனது 29ஆம் பொதுப்பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. ஆயினும் செயலகப் பணியாளர் குறித்த ஆண்டறிக்கை நாடு, பாலினம், வயது, பதவிநிலை ஆகியவற்றையே எண்ணுகிறது. இந்தியர் ஒருவர் அங்கு 'இந்தியா' மட்டுமே.

பேரையூருக்கு அண்மையிலுள்ள உசிலம்பட்டி வட்டாரம் நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் முடக்கப்பட்டு, 2006இல்தான் முறையான தேர்தல் நடைபெற்றது. ஒதுக்கீடு எழுத்தில் இருந்ததால், மறுக்கப்பட்டதை நாம் பெயர் சொல்லி எதிர்க்க முடிந்தது. எண்ணிக்கையே இல்லாத இடத்தில் மறுப்புக்குச் சான்றும் இல்லை.

தடைகளும் கோரிக்கைகளும்

தொழில்முறைப் பதவிகளுக்குப் பொதுவாக முதுநிலைப் பட்டம், பல ஆண்டு அனுபவம், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுப் புலமை தேவை. செயலகத்தின் பயிற்சிப் பணிக்கு ஊதியமில்லை. நியூயார்க்கிலோ ஜெனிவாவிலோ மாதக்கணக்கில் சொந்தச் செலவில் தங்குவது முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இயலாத ஒன்று. தகுதி என்று அளக்கப்படுவதில் குடும்பச் செல்வமும் கலந்திருக்கிறது.

நாம் கோருவன நான்கு. பணியாளர் விரும்பினால் மட்டும் வம்சாவளியைத் தெரிவிக்கும் முறை வேண்டும். உடன் பணிபுரிவோர் அறியாதவாறு அத்தகவல் காக்கப்பட வேண்டும். தொகுத்த எண்ணிக்கை ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பயிற்சிப் பணிக்கு உதவித்தொகை வழங்கப்பட வேண்டும்.

சாதியை மனித உரிமைச் சிக்கலாக ஏற்றுக்கொண்ட ஓர் அமைப்பு, அதைத் தன் பணியாளர் பட்டியலிலும் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.