உறைகலனும் தொற்றுநோயும்

சாவா மருந்தைத் தேடிக் களைத்த மாந்தன் இருபதாம் நூற்றாண்டில் குளிரை நாடினான். இன்று தீராத நோயால் இறந்தவரின் உடலை உறையவைத்துக் காத்தால், மருந்து காணும் பிற்காலம் அவரை எழுப்பக்கூடும் என்றார் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் இராபர்ட் எட்டிங்கர். அவரது நூல் 1964-இல் பரவலாக வெளிவந்தது. புற்றுநோயால் மாண்ட பேராசிரியர் ஜேம்ஸ் பெட்போர்டின் உடல் 1967 சனவரி 12-ஆம் நாள் கலிபோர்னியாவில் உறையவைக்கப்பட்டது. 1972-இல் தோன்றிய ஆல்கார் போன்ற சங்கங்கள் அப்பணியைத் தொடர்ந்தன.

அதே கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்க்கு நேர்ந்த விந்தை நோய் 1981 சூன் திங்களில் அறிவிக்கப்பட்டது. அதுவே பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. முடிவை முன்னரே அறிந்து காத்திருந்த அந்நோயாளரைவிட எட்டிங்கரின் கொள்கைக்குப் பொருத்தமானவர் யாவர்? அவர்களைச் சங்கங்கள் அழைத்துச் சேர்க்கலாமா என்னும் வினா எழுவது இயல்பே.

எதிர்வாதத்தின் வலிமை அறுவை மேசையில் உள்ளது. இறப்பு உறுதியானதும் உடலைக் குளிர்வித்து, குருதியை வெளியேற்றி, கிளிசரால் போன்ற நீர்மத்தைச் செலுத்துவர். அப்போது கத்தி வழுக்கினால் இடர் உயிருள்ளவர்க்கே. குளிர் கிருமியைக் கொன்றுவிடும் எனக் கருதுதல் பேதைமை. ஆய்வகங்கள் கிருமிகளைக் காத்து வைப்பதே கடுங்குளிரில்தான். இலண்டனில் உறைகலன் ஒன்றின் திரவ நைட்ரஜன் வழியே ஹெப்படைட்டிஸ் பி கிருமி நோயாளரைப் பற்றிய செய்தி 1995-இல் வெளியாயிற்று. எனினும், எவர் குருதியையும் தொற்றுடையதாகவே கருதிக் கையாளவேண்டும் என்னும் நெறியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987-இலேயே வகுத்துவிட்டது. அந்நெறியைப் பேணும் சங்கம், நோய் தெரிந்தவரை மட்டும் விலக்குவதில் பொருளில்லை.

பணமே கடினமான தடை. உறுப்பினர் பலர் ஆயுள் காப்புறுதித் தொகையைக் கொண்டே செலவை ஈடுகட்டுவர். 1985-இல் குருதிச் சோதனை வந்தபின், கிருமி கண்டவர்க்குப் புதிய காப்புறுதி எட்டாக்கனியாயிற்று. எஞ்சியது கைச்சேமிப்பு, அதுவோ மருந்துக்கும் குடும்பத்துக்கும் உரியது. சாட்ஸ்வொர்த் நிலவறையில் காக்கப்பட்ட உடல்கள் பணமின்றி உருகிக் கெட்ட அவலம் 1979-இல் வெளிப்பட்டதையும் மறத்தற்கில்லை. தாமே தேடி வருபவரை மறுப்பது கொடுமை. மரணப் படுக்கையைத் தேடிச்சென்று ஆள் சேர்ப்பதோ வேறு.

1996-இல் கூட்டு மருந்துகள் பரவலாயின, எய்ட்ஸ் அடங்கியது. எட்டிங்கர் சொன்ன பிற்காலம், இந்நோயைப் பொறுத்தவரை, பதினைந்தே ஆண்டுகளில் வந்துவிட்டது எனலாம். ஆயினும் எந்நோயால் இறந்து உறைந்தவரும் இன்றுவரை எழவில்லை. தடையாய் நிற்பவை இறப்பும் உறைவு விளைத்த சிதைவுமே, கிருமி அன்று. 2011-இல் மறைந்த எட்டிங்கரும் மிச்சிகனில் தாம் நிறுவிய நிலையத்திலேயே உறையவைக்கப்பட்டார்.