காலன் ஏந்திய தராசு

பாசக்கயிற்றுடன் எருமைமீது வருபவன் காலன் என்பது நம்மவர் மரபு. ஐரோப்பியர் கற்பனையிலோ, அவன் அரிவாள் ஏந்திய எலும்புக்கூடு. மன்னனையும் உழவனையும் அவன் ஒருங்கே அழைத்துச் செல்லும் காட்சியை 'மரண நடனம்' என்பர். அதனை ஹோல்பைன் வரைந்த மரச்செதுக்குப் படங்கள் 1538-இல் லியோன் நகரில் நூலாக வெளிவந்தன. அப்பழைய காலனை அரசியல் அரங்கிற்கு அழைத்து வந்தவர் ஆல்பிரெட் ரேத்தெல் (1816–1859) என்னும் ஜெர்மானிய ஓவியர்.

1848 மார்ச்சில் பெர்லின் மக்கள் வீதிகளில் தடையரண்கள் எழுப்பிப் போராடினர். அரசியல் சட்டமும் ஒன்றுபட்ட நாடும் அக்காலத்துக் கோரிக்கைகள். மே மாதத்தில் பிராங்க்பர்ட்டில் தேசியப் பேரவை கூடிற்று. இக்கொந்தளிப்பைக் கண்டு அஞ்சிய ரேத்தெல் ஆறு படங்கள் வரைந்தார். டிரெஸ்டனில் மரக்கட்டைகளிற் செதுக்கப்பெற்ற அவை, ரைனிக் என்ற கவிஞரின் செய்யுட்களுடன், 'மற்றுமொரு மரண நடனம்' என்னும் பெயரில் 1849-இல் வெளியாயின.

முதற்படத்தில் காலன் மண்ணிலிருந்து எழுகிறான். நீதித்தேவி கட்டுண்டு கிடக்க, அவளிடம் களவாடிய வாளையும் தராசையும் வஞ்சகமும் பொய்யும் அவனுக்கு அளிக்கின்றன. அடுத்து, குதிரையேறி நகரை நோக்கி வருகிறான். மூன்றாம் படமே நம் சிந்தைக்குரியது. மதுக்கடை வாயிலில் அவன் ஒரு மணிமுடியையும் ஒரு புகைக்குழாயையும் எடைபோட்டுக் காட்டுகிறான். இரண்டும் சமமாக நிற்கின்றன! உற்றுநோக்கின், தராசின் பிடியை விடுத்து முள்ளையே பற்றியிருக்கிறான். கூட்டம் வியக்கிறது, பார்வையற்ற மூதாட்டி ஒருத்தியோ விலகிச் செல்கிறாள். பின்னர் அவன் மக்களிடம் வாளை நீட்டுகிறான். தடையரண்மீது நின்று, அங்கியை விலக்கித் தன் எலும்புகளைக் காட்டுகிறான். குண்டுபட்டு மக்கள் வீழ்கின்றனர். இறுதியில் வாகை சூடிப் பிணங்களினூடே குதிரையில் செல்கிறான்.

கலைத்திறத்தில் குறை காண இயலாது. ஆயினும், கள்ளத் தராசைக் காட்டி எச்சரிக்கும் இப்படங்களும் நேரிய தராசாக இல்லை என்றே நாம் கருதுகிறோம். மக்கள் ஏன் எழுந்தனர் என்பது எத்தட்டிலும் வைக்கப்படவில்லை. பழி முழுதும் காலன்மீதும் அவனை நம்பியவர்மீதுமே விழுகிறது.

1849 மே மாதம் டிரெஸ்டனிலேயே கிளர்ச்சி மூண்டது. பிராங்க்பர்ட்டில் இயற்றிய அரசியல் சட்டத்தைச் சாக்சனி மன்னர் ஏற்க மறுத்ததே காரணம். சாக்சனியப் படையும் பிரஷ்யப் படையும் சில நாட்களில் அதனை ஒடுக்கின. அங்கிருந்து நேரிற் கண்ட ரேத்தெல், தாம் முதலில் ஐயுற்ற அவ்வெழுச்சி மக்களின் உண்மை ஆர்வமே எனக் கடிதத்தில் எழுதினார். ஆனால் படங்களோ அதற்குள் அச்சாகிவிட்டன. அவை கூறும் தீர்ப்பு மாறவில்லை.

மக்களை மயக்குவோர் உண்டு, அது மெய். மக்கள் குறையை மறைப்போரும் உண்டு, அதுவும் மெய். எவர் தராசு ஏந்தினும், அவர் பற்றியிருப்பது பிடியையா முள்ளையா என்று பார்த்தல் நம் கடன்.