பட்டறைத் தீ அணையாதிருக்க

குடும்பம் குடும்பமாகக் கைமாறி வரும் தொழில்களுள் பொற்கொல்லர் தொழில் மிகத் தொன்மையானது. மூசையில் தங்கத்தை உருக்குவதும், ஊதுகுழலால் தீயை அடக்கியாள்வதும், அச்சில் கம்பி இழுப்பதும், பொடி வைத்துப் பற்றவைப்பதும் ஏட்டில் கற்றவை அல்ல. தந்தையின் அருகமர்ந்து மகன் கற்றவை. தங்கம் கொடுப்பவர் வீட்டார். கூலிக்கு நகை செய்பவர் பத்தர். இருவருக்கும் இடையே நின்றது நம்பிக்கை ஒன்றே.

நம் சபை வரலாற்றிலும் இக்கைகளுக்கு இடமுண்டு. 1704-ஆம் ஆண்டு புதுச்சேரியில் பாப்பரசரின் தூதுவர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது என்றது. சிலுவையோ, ஆண்டவர் அல்லது தேவதாயின் உருவமோ பொறித்த தாலியை அனுமதித்தது. ஆணை தூதுவருடையது, அதைப் பொன்னில் வடித்துத் தந்த கை பத்தருடையது.

இத்தொழிலுக்குப் பேரிடி விழுந்தது 1963 ஜனவரியில். சீனப் போரை அடுத்து, அந்நியச் செலாவணியைக் காக்கவும் தங்கக் கடத்தலை ஒடுக்கவும் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தார். புது நகை 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 14 காரட்டிலோ ஏறக்குறைய 58 பங்கே. நிறம் மங்கிய, கைவேலைக்கு இணங்காத அந்நகையை மக்கள் விரும்பவில்லை. நாடெங்கும் பட்டறைகளில் உலை அணைந்தது. வறுமை தாளாது உயிரை மாய்த்துக்கொண்ட பத்தர்களும் உண்டு என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

1966-இல் 14 காரட் விதி நீங்கியது. எனினும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சான்றிதழ், கணக்கேடு, இருப்பு வரம்பு எனப் பத்தரைக் கட்டிப்போட்டது. 1990-இல்தான் அச்சட்டம் அடியோடு நீக்கப்பட்டது.

சட்டம் போயிற்று, கவலை போகவில்லை. இன்று அச்சில் வார்த்த நகைகள் பெரிய கடைகளில் குவிந்து கிடக்கின்றன. நம் குன்றத்தூரைச் சூழ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எங்கும் தொழிற்சாலைகள். மாதம் தவறாத சம்பளத்தை நாடிச் செல்லும் பத்தர் வீட்டுப் பிள்ளையைக் குறை கூறலாமோ? பட்டறையில் வேலை இருந்தாலன்றோ அவன் அங்கே அமர்வான்!

தூய்மை பற்றிய ஐயமும் வேண்டாம். 2021 முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வியாபாரம் செய்வோருக்கு விலக்கு இருப்பினும், நகையைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துத் தரம் அறிய நமக்கு வழியுண்டு.

அன்பர்களே, 1963-இல் பட்டறையை மூடியது அரசாணை. இனி மூடினால், அது நாம் கொடுக்காத வேலையால்தான். இல்லத் திருமணத்திற்கு ஒரு தாலியையேனும் அறிந்த பத்தர் கையில் செய்யக் கொடுப்போம். அத்தீ அணையாதிருக்கும்.