ஆடலோட்டமும் அளவுமானியும்: கொழும்பை முன்வைத்து ஒரு நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தகைய உற்பத்தித் தேவை ஒரு கருவியை வேண்டிநின்றது என்ற வினா அங்கு எழுவதில்லை. கொழும்பின் மின்வரலாற்றை இவ்வினாவுடன் அணுகுவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸ் வரை ஓடி, 1960 இல் மறைந்த ட்ராம் வண்டிகள் நேரோட்டத்தில் இயங்கியவை. ஒரே திசையிற் செல்லும் ஓட்டத்தை அளப்பது எளிது. காந்த முனைகளுக்கிடையே பொருத்தப்பட்ட சுருள் ஓட்டத்தின் அளவிற்கேற்பத் திரும்பும்; முள் நகரும். ஆனால் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் வலியுறுத்திய நீர்மின் திட்டம் 1950 இல் லக்ஷபானவில் நிறைவேறியபோது, மலைநாட்டு மின்னைத் தலைநகருக்குக் கொணர உயரழுத்தம் வேண்டியிருந்தது. அழுத்தத்தை நிலைமாற்றியால் ஏற்றி இறக்க ஆடலோட்டமே அன்று இடந்தந்தது. (அம்மின் பிறந்த மலைகளில் உழைத்த தோட்டத் தொழிலாளரின் லயன்களை அது வெகு பிந்தியே எட்டியது.)

ஆடலோட்டம் செக்கனுக்கு ஐம்பது முறை சுழல்வது. அதன் இருதிசை விசைகளும் ஒன்றையொன்று நீக்குவதால் மேற்கூறிய சுருளின் முள் பூச்சியத்திலேயே நிற்கும். இதற்கு இரு வழிகள் காணப்பட்டன. இயங்கிரும்பு மானியில் இரும்புத் துண்டுகள், ஓட்டம் எத்திசையிற் சென்றாலும், ஒன்றையொன்று தள்ளும். அவ்விசை ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப அமைவதால் அம்மானி இடைவர்க்கமூலப் பெறுமானத்தையே காட்டும். அளவுகோலின் தொடக்கத்தில் கோடுகள் நெருங்கிக் கிடப்பதற்கும் அதுவே காரணம். மற்றைய வழி, சீராக்கியால் ஓட்டத்தை ஒருதிசைப்படுத்திச் சுருளுக்கு அளிப்பது. மலிவான கைம்மானிகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய முரண்பாடு உள்ளது. வீட்டு மின்னின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ற்று. சீராக்கிய பின் அதன் சராசரி 207. சுருள் உணர்வது இச்சராசரியை. முகப்பில் நாம் வாசிப்பதோ 230. சராசரியை 1.11 ஆற் பெருக்கி அளவுகோலை வரைந்துள்ளனர். அப்பெருக்கம் சைன் அலைக்கு மாத்திரமே பொருந்தும். எனவே முள்ளின் கூற்றில் அளவீடு பாதி, எடுகோள் பாதி.

2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது பற்றரியும் இன்வேர்ட்டரும் பலருக்குத் துணையாயின. மலிவான இன்வேர்ட்டர் தருவது சைன் அலையன்று, படியலை. 325 வோல்ற்று உச்சத்துடன் பாதி நேரமே நிலவும் படியலையின் உண்மைப் பெறுமானம் 230. சீராக்கி மானியோ 180 எனக் காட்டும். மானியை நம்பி அழுத்தத்தை 230 வரை உயர்த்துவோமாயின் உண்மையில் அது 290 ஐத் தாண்டும். எரிவது சிறுகடைக்காரரின் குளிர்சாதனப் பெட்டி. அதே முனைகளில் இயங்கிரும்பு மானியொன்றை இணைத்துப் பார்ப்பின் இவ்வேறுபாடு உடனே புலனாகும்.