திருப்பூர் சாயத்தொழிலில் ஒளி உணரிகள்

ஒளி உணரி என்பது தன்மீது விழும் ஒளியின் அளவை மின்குறிப்பாக மாற்றித் தரும் சாதனம். இருட்டியதும் தானே எரியும் தெருவிளக்கிலும், வெளிச்சத்துக்கேற்பத் திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பேசியிலும் இருப்பது இதுதான். பனியன் தைக்கும் சில ஓவர்லாக் இயந்திரங்களில் துணி முடிந்ததை அறிந்து நூலை வெட்டச் செய்வதும் இதுவே. ஆனால் திருப்பூரில் இதன் பெரிய வேலை துணியின் நிறத்தை அளப்பது.

1873இல் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்த ஆங்கிலேயப் பொறியாளர் வில்லோபி ஸ்மித், வெளிச்சம் பட்டால் செலினியத்தின் மின்தடை குறைவதை அறிவித்தார். ஒளி உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுவதற்கான விளக்கத்தை 1905இல் ஐன்ஸ்டைன் தந்தார். இன்றைய உணரிகளில் பெரும்பாலும் சிலிக்கான் ஒளி டையோடுகளே உள்ளன. விழும் ஒளி கூடக்கூட அவற்றில் மின்னோட்டமும் கூடும்.

நிறத்தை எண்ணாக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆர்தர் ஹார்டி உருவாக்கினார். 1935இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய கருவி துணிமீது வெள்ளொளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை நிறவாரியாகப் பிரித்து, வரிசையாக உள்ள உணரிகளில் விழச் செய்கிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை, 10 நானோமீட்டருக்கு ஒன்றாக 31 அளவுகள் கிடைக்கும். பையர் அனுப்பிய மாதிரியின் அளவுகளோடு ஒப்பிட்டு, நிற வேறுபாட்டைக் கணினி ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். எந்தச் சாயம் எவ்வளவு என்ற கணக்கையும் அதுவே தரும்.

முன்பு இது முழுக்க டையிங் மாஸ்டரின் கண்ணை நம்பிய வேலை. பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரு துணிகள் கடையின் குழல்விளக்கின் கீழ் வேறு வேறாகத் தெரிவதுண்டு. எத்தனை அனுபவம் இருந்தாலும் ஒரே வெளிச்சத்தில் பார்க்கும் கண்ணுக்கு இது பிடிபடாது. அதற்காகக் கண் வேண்டாம் என்றாகிவிடவில்லை. துணி ஈரமாக இருந்தாலோ, ஒற்றை மடிப்பில் வைத்து ஒளி ஊடுருவினாலோ கருவி தவறான எண்ணைக் காட்டும். அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

ஷேடு தவறினால் மறுபடி சாயமிட வேண்டும். பருத்திக்குரிய ரியாக்டிவ் சாயங்களுக்கு உப்பு ஏராளமாகத் தேவை. அந்த உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் நொய்யலைக் கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள விவசாயிகளை நீதிமன்றத்துக்குப் போக வைத்தது. கழிவுநீர் சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன்பின் கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மீந்த உப்புநீரை ஆவியாக்கும் செலவும் பட்டறைகளின் கணக்கில் ஏறியது. ஒரு லாட் துணிக்கு இரண்டாம் முறை சாயமிட்டால் தண்ணீர், உப்பு, நீராவி, சுத்திகரிப்பு என எல்லாவற்றுக்கும் இன்னொரு முறை செலவு செய்தாக வேண்டும்.