சர்க்யூட் சிட்டியைக் கொன்றது அமேசான் இல்லை

"எலக்ட்ரானிக்ஸ் கடைகளை எல்லாம் அமேசான் முழுங்கிடுச்சு." அமெரிக்காவில் பொட்டி தட்டும் நம்ம மக்கள் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வரியில் கதையை முடிச்சிடுவாங்க. ஃப்ரைஸ் மூடினதுக்கும் அதே காரணம், ரேடியோஷாக் படுத்ததுக்கும் அதே காரணம், சர்க்யூட் சிட்டி காணாமப் போனதுக்கும் அதே காரணம். சொல்ல வசதியாத்தான் இருக்கு. ஆனா வருஷங்களை வரிசையா எழுதிப் பார்த்தா கணக்கு உதைக்குது.

சர்க்யூட் சிட்டி திவால் மனு போட்டது 2008 நவம்பர் 10. முதல் ஐஃபோன் வெளிவந்து அப்போ ஒன்றரை வருஷம்கூட ஆகலை. கடைக்குள்ளேயே நின்னுக்கிட்டு போனில் விலை ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கமே இன்னும் பரவலை. அதைவிட முக்கியம், எதிர் வரிசையில் அதே டிவியை அதே மாதிரி பெரிய கொட்டகையில் வெச்சு வித்துக்கிட்டிருந்த பெஸ்ட் பை இன்னைக்கும் இருக்கு. ஒரே தெருவில் ஒரே வியாபாரம். ஒருத்தர் செத்தார், ஒருத்தர் பிழைச்சார். அப்போ குற்றவாளி வேற யாரோதானே?

கொஞ்சம் முன்னாடியிலிருந்து வருவோம்.

1949. சாமுவேல் வர்ட்ஸல் என்பவர் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் ஊரில் முடி வெட்டிக்க உட்கார்ந்தார். இந்த ஊருக்கு டிவி நிலையம் வந்திருக்குன்னு முடி திருத்துபவர் பேச்சுவாக்கில் சொன்னார். நிலையம் வந்தா எல்லாரும் டிவிப் பெட்டி வாங்குவாங்களே! ஒரு டயர் கடையின் முன்பக்கத்தைப் பிடிச்சு டிவி விக்க ஆரம்பிச்சார். கடைக்கு வார்ட்ஸ் என்று பெயர். வர்ட்ஸல், ஆலன், ரூத், டேவிட், சாமுவேல் என்று குடும்பத்தின் முதல் எழுத்துகளைக் கோத்த பெயர் அது. நம்மூரில் பிள்ளைகள் பெயரில் 'அண்ட் சன்ஸ்' போடுவது மாதிரிதான் :-)

மகன் ஆலன் வர்ட்ஸல் 1970-களின் தொடக்கத்தில் பொறுப்புக்கு வந்தப்போ கம்பெனி கடனில் தள்ளாடிக்கிட்டிருந்தது. சரிவராத கிளைகளை வெட்டிவிட்டு, ரிச்மண்டில் கிடங்கையும் கடையையும் ஒண்ணாக்கி ஒரு பெரிய கொட்டகை போட்டார். எல்லா பிராண்டும் ஒரே இடத்தில், சரக்கும் பின்பக்கமே ரெடி. 1984-ல் கம்பெனி பெயர் சர்க்யூட் சிட்டி ஆச்சு, நியூயார்க் பங்குச் சந்தையிலும் ஏறிச்சு. ஜிம் காலின்ஸ் 2001-ல் எழுதிய 'குட் டு கிரேட்' நம்ம மேனேஜர்கள் மேஜையில் எல்லாம் பார்த்திருப்பீங்க. அதில் சாதாரணத்திலிருந்து உன்னதத்துக்குப் போன 11 கம்பெனிகளில் ஒண்ணா இதுவும் இருக்கு. அந்தப் புத்தகம் வந்த எட்டே வருஷத்தில் கடைசிக் கடையின் ஷட்டரை இறக்கிட்டாங்க.

அந்தக் கடை சம்பாதிச்ச விதத்தையும் கொஞ்சம் பார்க்கணும். டிவிப் பெட்டியில் லாபம் ரொம்ப மெல்லிசு. விளம்பரத்தில் குறைஞ்ச விலை போட்டு ஆளை உள்ளே இழுப்பாங்க. உள்ளே வந்ததும் சேல்ஸ்மேன் வருவார். "இந்த மாடல் ஓகேதான் சார், ஆனா உங்க ஹாலுக்கு அது பத்தாது"ன்னு ஆரம்பிச்சு, ஒரு படி மேலே உள்ள மாடல், அதுக்குக் கேபிள், அதுக்குக் கூடுதல் வாரண்டி என்று கொண்டு போய் நிறுத்துவார். அந்தக் கூடுதல் வாரண்டியில்தான் துட்டு. அந்த சேல்ஸ்மேனுக்கு கமிஷன் உண்டு. அதனால் அவர் சரக்கைப் பற்றிக் கரைச்சுக் குடிச்சிருப்பார். கேமரா வாங்க வந்தவருக்கு எஃப் நம்பர்னா என்னன்னு பொறுமையாச் சொல்லுவார். தொந்தரவும் அவர்தான், கடையின் மூளையும் அவர்தான்.

இதற்கு நேர் எதிராக வந்தது பெஸ்ட் பை. ரிச்சர்ட் ஷுல்ஸ் 1966-ல் மின்னசோட்டாவில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்ற பெயரில் ஆரம்பிச்ச ஸ்டீரியோ கடை அது. 1981-ல் ஒரு சூறாவளி அவருடைய கடை ஒன்றின் கூரையைப் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. மிஞ்சின சரக்கை எல்லாம் வெளியே போட்டு 'சூறாவளி சேல்' என்று அடிமாட்டு விலைக்கு வித்தார். கூட்டம் அள்ளிச்சு! ஆஹா, ஜனங்களுக்கு வேண்டியது இதுதானான்னு பிடிச்சுக்கிட்டார். 1983-ல் பெஸ்ட் பை என்ற பெயர் வந்தது. 1989-லிருந்து கமிஷன் கிடையாது, சரக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், எடுத்து வண்டியில் போட்டுக்கிட்டுப் போகலாம். 1990-களின் நடுவில் விற்பனையில் சர்க்யூட் சிட்டியைத் தாண்டிப் போயிட்டாங்க. அமேசான் அப்போதான் புத்தகம் விக்கவே ஆரம்பிச்சிருந்தது.

சர்க்யூட் சிட்டி அந்த நேரம் என்ன பண்ணிச்சு? வேற வேற இடத்தில் கவனம். 1993-ல் பழைய கார் விக்கிற கார்மேக்ஸ் ஆரம்பிச்சாங்க. நல்ல யோசனை. 2002-ல் அதைத் தனியாப் பிரிச்சுவிட்டாங்க. தாய்க்கடை போன பிறகும் அது ஓடிக்கிட்டிருக்கு. 1998-ல் டிவ்எக்ஸ் என்று ஒரு கூத்து. நாலரை டாலர் வாக்கில் தட்டு வாங்கணும், முதல் தடவை ஓட்டினதிலிருந்து 48 மணி நேரம் படம் பார்க்கலாம், அதுக்கு மேல பார்க்கணும்னா திரும்பக் காசு. பிளேயரை வீட்டுத் தொலைபேசி இணைப்பில் மாட்டி வைக்கணும். 1999 ஜூனில் பத்து கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தோடு மங்களம் பாடிட்டாங்க.

2000-ல் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்பனையை நிறுத்தினாங்க. அந்த வியாபாரத்தில் சியர்ஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தவங்க! இடத்தை அடைக்குது, டெலிவரி தொல்லைன்னு காரணம். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில்தான் அமெரிக்காவில் எல்லாரும் வீடு வாங்கித் தள்ளினாங்க. புது வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க ஹோம் டிப்போவுக்கும் லோவ்ஸுக்கும் போனாங்க. இன்னொண்ணு யோசிங்க: இணையத்தில் விக்கிறதுக்கு ரொம்பக் கஷ்டமான பொருள் ஃப்ரிட்ஜ்தான். அதைத் தூக்கிப் போட்டுட்டு, கூரியரில் சுலபமாப் போகிற சிடி, கேமரா, லேப்டாப்பை வெச்சுக்கிட்டாங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

2003-ல் கமிஷன் முறையை ஒழிச்சாங்க. 3,900 சேல்ஸ்மேன்கள் வீட்டுக்கு. போட்டியாளர் கமிஷன் தர்றதில்லையே, நாமும் நிறுத்தலாம்னு ஒரு வாதம் அதில் இருக்கு. ஆனா 2007 மார்ச்சில் செஞ்சதுக்கு அந்த வாதமும் கிடையாது. சந்தை விலையைவிட அதிகமா மணிக்கூலி வாங்குறாங்கன்னு சொல்லி 3,400 கடை ஊழியர்களை ஒரே நாளில் வெளியே அனுப்பினாங்க. வேலை சரியில்லைன்னு யாரும் குத்தம் சொல்லலை. சம்பளம் மட்டும்தான் குத்தம். பத்து வாரம் கழிச்சு வேணும்னா குறைஞ்ச கூலிக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம்னு ஒரு சலுகை வேற. அனுபவசாலிதானே அதிக கூலி வாங்குவார்? ஆக, கடைக்குள் விஷயம் தெரிஞ்ச ஆட்களை மட்டும் சல்லடை போட்டுச் சலிச்சு எடுத்துக் கீழே கொட்டியாச்சு. அடுத்த காலாண்டுக் கணக்கிலேயே நஷ்டம்.

எக்ஸெல் ஷீட்டில் பார்த்தா அது அருமையான முடிவு. ஒரு காலத்தில் செலவு குறையுது, பக்கத்து காலத்தில் எதுவும் மாறலை. ஏன் மாறலைன்னா, 'இவருக்கு என்ன தெரியும்' என்று அந்த ஷீட்டில் ஒரு காலமே கிடையாது. இது நமக்குப் புதுசா என்ன? 2023-ல் ஆட்குறைப்பு அலை அடிச்சப்போ, எனக்குத் தெரிஞ்ச ஒரு டீமில் பதினாறு வருஷம் ஒரே பில்லிங் சிஸ்டத்தோடு குடித்தனம் நடத்தினவரை முதல் பட்டியலிலேயே அனுப்பினாங்க. மூணு மாசம் கழிச்சு மாசக் கடைசி ஜாப் படுத்துக்கிச்சு. அவர் பெயரைத்தான் எல்லாரும் கமெண்ட்டில் தேடிக்கிட்டிருந்தாங்க, கோடுக்குள்ளே.

மிச்சக் கதை சீக்கிரம் முடிஞ்சிடும். 2008-ல் பிளாக்பஸ்டர் வாங்க வந்தது, கணக்கைப் பார்த்துட்டு ஜூலையில் ஓடிப் போச்சு. செப்டம்பரில் லேமன் விழுந்தது, கடன் வறண்டது, சரக்கு கொடுக்கிறவங்க முன்பணம் கேட்டாங்க. 2009 ஜனவரியில் மீதமிருந்த 567 கடைகளையும் மூடுவதாக அறிவிப்பு. ஏறக்குறைய 34,000 பேருக்கு வேலை போச்சு. மார்ச் 8-ஆம் தேதி கடைசி நாள். ஆலன் வர்ட்ஸலே பிறகு, 2012-ல், அப்பா ஆரம்பிச்ச கடையின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் புத்தகமா எழுதினார்.

அமேசானுக்குப் பங்கே இல்லையான்னா, இருக்கு. அது முழு வேகத்தில் அடிச்சது இதற்குப் பிறகு. 1992-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்புப்படி, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத கம்பெனி அங்கே விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை. வரி 8 சதவீதம் உள்ள ஊரில் 1,000 டாலர் டிவிக்கு 80 டாலர் மிச்சம். கடைக்காரர் அதே விலைக்குக் கொடுத்தாலும் தோத்துப் போவார். 2018-ல்தான் அந்தத் தீர்ப்பை மாத்தினாங்க. 2011 டிசம்பரில் அமேசான் இன்னொண்ணு பண்ணிச்சு. கடையில் நின்னு பார்கோடை போனில் ஸ்கேன் பண்ணி எங்களிடம் வாங்கினா 5 டாலர் வரை தள்ளுபடி!

பெஸ்ட் பையும் ஆட்டம் கண்டுச்சு. 2012-ல் 50 கடைகளை மூடப்போறோம்னு சொன்னாங்க. தலைமை அதிகாரி போனார். சங்கு ஊதிடலாம்னு எல்லாரும் காத்திருந்த நேரத்தில், சில்லறை வியாபார அனுபவமே இல்லாத ஹூபர்ட் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். முதல் வாரம் தலைமையகத்துக்குப் போகாம செயின்ட் கிளவுட் என்ற ஊர்க் கடையில் நீலச் சட்டை போட்டு நின்னார். ஊழியர்களைக் கேட்டார். நம்ம வெப்சைட்டில் சிண்ட்ரெல்லான்னு தேடினா நிக்கான் கேமரா வருது சார்னு ஒருத்தர் காட்டினார். (சர்ச் எழுதின புண்ணியவான் யாரோ!) பறிக்கப்பட்டிருந்த ஊழியர் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்தார். அமேசான் விலைக்கே தர்றோம்னு அறிவிச்சார். கடைகளையே கிடங்காக்கி அங்கிருந்து பார்சல் அனுப்பினார். சாம்சங், மைக்ரோசாஃப்ட் எல்லாம் கடைக்குள் கடை போட்டாங்க. 'பார்க்க மட்டும் வர்றாங்க' என்பதையே வருமானமாக்கினார். 2018-ல் அமேசானே ஃபயர் டிவி விக்க பெஸ்ட் பை கதவைத் தட்டிச்சு.

அவர் ஒண்ணும் மகாத்மா இல்லை. 2013-ல் தலைமையகத்தில் 400 பேரை அனுப்பினார். அவர் போன பிறகு 2021-ல் 5,000 முழுநேர ஊழியர்களை பெஸ்ட் பை குறைச்சது. ஆனா கடைத் தளத்தில் நிக்கிறவருக்கு விஷயம் தெரியும், அதைத்தான் அமேசானால் பார்சலில் அனுப்ப முடியாது என்பது ஜோலிக்குப் புரிஞ்சிருந்தது. இன்னும் அமெரிக்காவில் சுமார் 900 கடைகள் ஓடுது.

மத்தவங்க? ரேடியோஷாக் 2015-ல் திவால், 2017-ல் மறுபடி. ஹெச்.ஹெச்.கிரெக் 2017-ல் 220 கடைகளையும் மூடியது. 1985-ல் சன்னிவேலில் ஆரம்பிச்ச ஃப்ரைஸ் 2021 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் 31 கடைகளுக்கும் பூட்டு. பர்பேங்க் கடை வாசலில் பறக்கும் தட்டு மோதி நிக்கும், சான் ஹோசே கடை மாயன் கோயில் மாதிரி இருக்கும். ரெசிஸ்டர் முதல் மிட்டாய் வரை கிடைக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்டை ஏசி போட்டு ஒரே கூரைக்குள் அடைச்ச மாதிரி. கடைசி வருஷங்களில் அலமாரிகள் காலி.

இவங்களுக்கெல்லாம் அமேசான் கொடுத்த அடி நிஜம். ஆனா சர்க்யூட் சிட்டிக்கு வெளியாள் தேவைப்படலை. அடுத்த தடவை யாராவது "டெக்னாலஜி வந்து கொன்னுடுச்சு"ன்னு சொன்னா, அதுக்கு முன்னாடி அந்த இடத்தில் யாரை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

பி.கு.: டிவ்எக்ஸ் என்றதும் காலேஜ் ஹாஸ்டலில் திருட்டுப் படம் பார்த்த கோடெக் ஞாபகம் வருதா? அந்தப் பெயர் இந்தத் தட்டைக் கிண்டலடிச்சு வெச்சதுதான். பெயரோடவே ஒரு கண்ணடிக்கிற ஸ்மைலியும் சேர்த்தே வெச்சாங்க ;-)