தாழ்ச்சியும் தாழ்த்தப்படுதலும்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குக் ‘கிறித்தவ வாழ்வில் தாழ்ச்சியும் சீடத்துவமும்’ என்ற பொருளை எடுத்துக்கொள்கிறோம் என்றதும் மன்றத் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். “இது கோயில் பிரசங்கத்துக்கான தலைப்பு அல்லவா? நமக்கு எதற்கு?” என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் தலித் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், இந்த இரண்டு சொற்களைத் தாண்டிப் போக முடியாது. இந்த மண்ணில் எழுதப்பட்ட முதன்மையான தலித் தன்வரலாறு ஒன்று இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டித்தான் பிறந்தது.

முதலில் சொல்லையே பார்ப்போம். கத்தோலிக்கர்கள் ‘தாழ்ச்சி’ என்கிறார்கள். சீர்திருத்தச் சபையினர் ‘தாழ்மை’ என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ‘தாழ்’. நம் மக்களுக்கு அரசாங்கமும் அரசியலும் கொடுத்த ‘தாழ்த்தப்பட்டோர்’ என்ற பெயருக்கும் அதே வேர்தான். தாழ்தல் என்பது ஒருவர் தானாகச் செய்வது. தாழ்த்தப்படுதல் என்பது ஒருவர்மேல் பிறர் செய்வது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, செய்யப்பட்ட கொடுமைக்குப் புண்ணியத்தின் பெயரைச் சூட்டியதுதான் நம் பகுதிக் கிறித்தவ வரலாற்றின் மையமான தவறு என்று நாம் கருதுகிறோம்.

மூல நூல் என்ன சொல்கிறது? யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். அந்தக் காலத்து வீடுகளில் அது வேலைக்காரர் செய்யும் வேலை. பேதுரு பதறிப்போய்த் தடுக்கிறார். குரு குனிவதைச் சீடரால் பொறுக்க முடியவில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: குனிந்தவர் குரு. அந்த வீட்டு வேலைக்காரரைக் கூப்பிட்டு ‘நீ இன்னும் கொஞ்சம் தாழ்ச்சியாக இரு’ என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்திலும் இதே தருக்கம்தான் இருக்கிறது: உயரத்தில் இருந்தவர் தன்னை வெறுமையாக்கிக்கொண்டார். உயரம் இருப்பவர்தான் இறங்க முடியும்.

அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லும் பகுதிகளும் அதே புதிய ஏற்பாட்டில் இருக்கின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டில் எது யாருக்குப் போதிக்கப்பட்டது என்பதுதான் வரலாற்றுக் கேள்வி.

நம் பகுதி மதுரை மிஷனின் பரப்புக்குள் இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார், புலால் துறந்தார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். பிரபுக் குடும்பத்து இத்தாலியர் ஒருவர் இப்படி வாழ்ந்தது பெரிய துறவுதான். ஆனால் அந்தத் துறவு மேல்சாதியாரின் முற்றத்தை நோக்கி நடந்த துறவு. அங்கே ஏற்கப்படுவதற்காக அது சேரியிலிருந்து விலகி நின்றது. மதம் மாறிய பிராமணர்கள் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ள 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்தார். ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் போவதற்கென்று 1640 முதல் ‘பண்டாரசாமிகள்’ என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். ஒரே நற்செய்தி இரண்டு உடுப்பில் வந்தது. சாமியாரின் உடம்பிலேயே சாதிக்கோடு கிழிக்கப்பட்டது.

இன்னொரு வகைத் துறவையும் சிவகாசி பார்த்திருக்கிறது. தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காம் இடம் பெற்றவர், கல்லூரி ஆய்வுறுப்பினர், சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக இருந்தவர். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1854-இல் வடதிருநெல்வேலிக்கு வந்தார். அன்று சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியெல்லாம் அந்தப் பெயருக்குள்தான் அடக்கம். பங்களா கட்டாமல், கரிசல் வெயிலில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார். அப்போது அவருக்கு 43 வயது.

இந்த மனிதரை நாம் எள்ளப் போவதில்லை. உயரத்திலிருந்து உண்மையிலேயே இறங்கியவர் அவர். ஆயினும் இறங்கலாமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவரோடு நடந்த தமிழ் உபதேசியார்களைத் தென்திருநெல்வேலிச் சபைகள் தங்கள் காணிக்கையில் அனுப்பின. மிஷன் வரலாறுகள் ராக்லண்டின் தாழ்மையைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. இந்த உபதேசியார்களுக்கு அவ்வளவு இடம் இல்லை. தாழ்மைகூட உயரத்திலிருந்து வந்தால்தான் வரலாறாகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது புதுப்பட்டி. தலித் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றிலிருந்து இரண்டு எழுத்தாளர்களைத் தமிழுக்குத் தந்த ஊர் அது. அண்ணன் ராஜ் கௌதமன், 1950-இல் பிறந்தவர். தங்கை பாமா, 1958-இல் பிறந்தவர்.

பாமா படித்தார், ஆசிரியரானார். ஏழைகளுக்காகவே ஒரு சபையை நிறுவிய பெண்மணியைப் பற்றி வாசித்தார். அவரைப் போலத் தானும் தலித் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பி, வீட்டார் வேண்டாம் என்று சொல்லியும் வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். பெற்ற சம்பளத்தையும் கிடைத்த மரியாதையையும் உதறிவிட்டுப் பின்தொடர்வதற்குத்தானே சீடத்துவம் என்று பெயர்?

உள்ளே அவர் கண்டது வேறு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிகளும், அங்கே கூட்டவும் கழுவவும் வைக்கப்பட்ட தலித் பிள்ளைகளும். சேரி மக்களைப் பற்றி இளக்காரமான பேச்சு. சில சபைகளில் தலித் பெண்களைக் கன்னியராகச் சேர்ப்பதே இல்லை என்ற செய்தி. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளில், ஏழ்மையை எங்கேயும் காணோம். கீழ்ப்படிதல் மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது. வறுமையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, வறுமை என்றால் என்னவென்று வசதியான கட்டடத்துக்குள் வகுப்பெடுத்தார்கள்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1992-இல் அவர் வெளியேறினார். அதே ஆண்டில் ‘கருக்கு’ வெளிவந்தது. மடத்தின் கணக்கில் இது கீழ்ப்படியாமை. நம் கணக்கில் அவர் சீடத்துவத்தை விட்டு வெளியேறவில்லை. சீடத்துவத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியேறினார். எந்த நோக்கத்துக்காக உள்ளே போனாரோ, அதே நோக்கத்துக்காக வெளியே வந்தார். நிமிர்ந்தால்தான் பின்தொடர முடியும் என்ற நிலையில், நிமிர்வதே கீழ்ப்படிதல் ஆகிறது.

‘கருக்கு’வில் வரும் ஒரு காட்சியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் குனிந்து கொடுக்கிறார். சின்னப் பெண் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். பிறகு அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்தப் பெரியவரின் குனிவைத் தாழ்ச்சி என்று யாராவது சொல்ல முடியுமா? வெளிப்பார்வைக்குப் பாதம் கழுவக் குனிந்த குருவின் முதுகும் அவர் முதுகும் ஒரே மாதிரி வளைந்திருக்கின்றன. வளைத்தது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அண்ணன் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002-இல் வந்தது. அந்த நாவலின் சிலுவைராஜ் கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். விசுவாசம் குறைந்துபோனதால் வந்த மாற்றம் இல்லை அது. 1950 ஆகஸ்ட் 10-இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவருக்குக் கதவு திறக்கவில்லை. 1985-இல் சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவரின் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஞானஸ்நானம் பெற்றால் சாதி போய்விடும் என்றது சட்டம். அதே ஆள் செத்தால் கல்லறையில் தனி இடம் என்றது பங்கு. அரசுக்கு அவர் தலித் இல்லை. திருச்சபைக்கு அவர் தலித் மட்டுமே. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நிறுவனம் ஒன்றின் உண்மையான தாழ்ச்சி இப்படித்தான், தவற்றை ஒப்புக்கொள்வதில்தான் தொடங்கும். ஒப்புக்கொண்டதோடு நின்றுவிட்டால் அதுவும் சடங்காகிவிடும்.

புதுப்பட்டியிலிருந்து கிழக்கே வந்தால் பட்டாசு ஊர்கள். பாமாவின் ‘சங்கதி’யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் மைக்கண்ணி என்ற சிறுமியை வாசித்திருப்பீர்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். மருந்து செலுத்தும் அறைக்குள் பெற்றோர் இருந்தார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் மறுபடி. மணிமருந்தைக் கையாளுகிறவர் குனிந்துதான் வேலை செய்ய வேண்டும். தலைநிமிர்ந்து ‘அறையில் ஆள் கூடுதலாக இருக்கிறது’ என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. இங்கே பணிவு நற்பண்பு ஆகாது. அது உயிரைக் குடிக்கும் நிபந்தனை.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு துக்க வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். செபிக்க வந்தவர், இதையும் தாழ்மையோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொன்னார். மகளைப் பறிகொடுத்த அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: “நாங்க என்னைக்குய்யா நிமுந்தோம், இன்னும் தாழச் சொல்றீக?” அவரிடம் பதில் இல்லை. கூடப் போன எங்களிடமும் இல்லை. இந்தச் சொற்பொழிவு அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய பதில்தான்.

அப்படியானால் தாழ்ச்சி நமக்கு வேண்டாமா? இங்கேதான் தோழர்களே, நாம் நம்மைப் பார்க்க வேண்டும். நாமும் ஒரு படியில் நிற்கிறோம். நமக்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது. 2009-இல் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம் அமைப்புகளுக்குள் எழுந்த குரல்கள் நினைவிருக்கிறதா? 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செய்வது செல்லும் என்று தீர்ப்பளித்தபோது நம்மில் எத்தனை பேர் மனமார மகிழ்ந்தோம்? அங்கே நாம்தான் பாதம் கழுவ வேண்டியவர்கள். நம் வீட்டுப் பெண்கள் முன்னாலும் அப்படித்தான். ‘சங்கதி’ அதைத்தான் 1994-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே நம் முடிவு எளியது. நம்மை மிதிப்பவர் முன்னால் நிமிர்வதும், நம் காலடியில் நிற்பவர் முன்னால் குனிவதும் ஒரே ஒழுக்கத்தின் இரண்டு பக்கங்கள். ஒன்று இல்லாமல் மற்றொன்று பொய். இதைச் சீடத்துவம் என்று சொல்வோர் சொல்லட்டும். தோழமை என்று நாம் சொல்வோம்.

கூட்டம் முடிந்ததும் பின்கட்டில் தேநீர் இருக்கிறது. எப்போதும் அந்தத் தம்ளர்களைக் கழுவுவது நம் பெண் தோழர்கள்தான். இன்று மேடையில் இருந்த நாங்கள் கழுவுகிறோம்.